4 அடி மண் குதிரை: பிடிமண் முதல் கண் திறப்பு வரை

கண்மாய் வற்றிக் கிடக்கிற சித்திரையிலேயே மண்ணை எடுத்து வைத்துவிடுங்கள். வைகாசியில் ஒரு கோடை மழை இறங்கிவிட்டால் உள்ளே மாட்டு வண்டியும் போகாது, டிராக்டரும் போகாது. ஊர்க்காரர்கள் குதிரை செய்யச் சொல்லி ஒரு பிடி ஊர் மண்ணோடு, அதாவது பிடிமண்ணோடு, வந்து நிற்கும்போது மண்ணுக்கு அலைய வேண்டிவரும். தாலுகா அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் நாள் பிடிக்கும், கணக்கில் வையுங்கள்.

நான் வேளார் வீட்டில், மண்ணில் வேலை செய்கிற குயவர் குடும்பத்தில், பிறந்தவன். சிவகங்கைக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். இந்தப் பக்கம் அய்யனாருக்குக் குதிரை செய்வதும் நாங்கள்தான், பல கோயில்களில் பூசை வைப்பதும் நாங்கள்தான். முப்பது வருஷமாக மண்ணில் கை வைத்திருக்கிறேன். இப்போது எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளே பெங்களூரிலிருந்து போன் போட்டு, "சித்தப்பா, ஊர்ல புரவி எடுப்பு வச்சிருக்காங்க, உமி எவ்வளவு போடணும்?" என்று கேட்கிறார்கள். மண் குதிரைகளைத் தூக்கிக்கொண்டுபோய் அய்யனார் கோயிலில் வைக்கிற திருவிழாதான் புரவி எடுப்பு. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிட்டேன்.

4 அடிக் குதிரையை வைத்துச் சொல்கிறேன். இந்த அளவுதான் முதலில் செய்யத் தோது. ரெண்டடிப் பொம்மையில் தப்பு செய்தாலும் தெரியாது, கற்றுக்கொள்ளவும் முடியாது. எட்டடி, பத்தடி என்று போனால் குதிரையை நின்ற இடத்திலேயே சுற்றிச் சூளை கட்டிச் சுட வேண்டும், அது வேறு வித்தை. நமணசமுத்திரம் பக்கத்தில் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலுக்குப் போகிற பாதையில் இரண்டு பக்கமும் குதிரைகள் வரிசை கட்டி நிற்கும். வேலை தொடங்குமுன் ஒரு நாள் போய்ப் பாருங்கள். எது எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று பாருங்கள். காது, வால், கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே. எங்கே கவனம் வைக்க வேண்டும் என்று அவையே சொல்லிவிடும். குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் முப்பது அடிக்கு மேல் ஒரு குதிரை நிற்கிறதே, மாசி மகத்துக்கு ஆளுயரம் தாண்டிக் காகிதப்பூ மாலை சாத்துவார்களே, அது கட்டிய குதிரை, சுட்ட குதிரை அல்ல. அதைப் பார்த்துவிட்டு அளவு கேட்டு வராதீர்கள்.

மண்ணுக்கு வருவோம். தண்ணீர் வருகிற வரத்துக்கால் பக்கம் மணல்தான் கிடக்கும். கரையை ஒட்டி வெட்டவே கூடாது, கரை பலவீனப்படும். நடுவில், தண்ணீர் கடைசியாக வற்றுகிற பள்ளத்தில் மேல்மண்ணை ஒரு சாண் ஒதுக்கிவிட்டு எடுங்கள். வெட்டிய கட்டி உடைத்த இடத்தில் வழவழவென்று மினுங்க வேண்டும். வேரும் புல்லும் இருந்தால் பரவாயில்லை, சூளையில் எரிந்துவிடும். நத்தை ஓடும், சுண்ணாம்புச் சத்துள்ள சுக்கான்கல்லும்தான் எதிரி. மிளகளவு சுக்கான் உள்ளே போனாலும் சூளையில் அது சுண்ணாம்பாகிவிடும். குதிரை நன்றாக வெந்து வெளியே வந்து, பத்து நாள் கழித்து, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து ஊதிப் பெருத்து மேல்தோலைச் சில்லுச் சில்லாகத் தெறிக்க வைக்கும். குதிரைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். மண்ணைக் காயப்போட்டு, இடித்து, சலித்துத்தான் ஊறப்போட வேண்டும். இந்த வேலைக்குச் சோம்பல் பட்டவன் குதிரை எதையும் கோயிலில் நான் நல்லபடியாகப் பார்த்ததில்லை.

கருங்களியை மட்டும் வைத்துச் செய்தால் காயும்போது பிளக்கும். நான் நாலு கூடைக் களிமண்ணுக்கு ஒரு கூடை ஆற்று மணல், அரைக் கூடை உமி போடுகிறேன். உங்கள் கண்மாய் மண் வேறு, என் கணக்கு அப்படியே ஒத்துவராது. சின்னச் சோதனை ஒன்று உண்டு. பிசைந்த மண்ணைச் சுண்டுவிரல் கனத்துக்குத் திரித்து, ஆள்காட்டி விரலைச் சுற்றி மோதிரம் மாதிரி வளையுங்கள். வளைக்கும்போதே வெடித்தால் மணல் கூடிவிட்டது. வெடிக்காமல் விரலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றால் மணல் பத்தவில்லை. வளைந்து, லேசாகத் தோல் சுருங்கி, கழற்றினால் கழன்று வர வேண்டும். உமி எதற்கு என்றால், சூளையில் அது எரிந்து போய் மண்ணுக்குள் பொடிப்பொடியாகத் துளை விட்டுவிடும். கனமும் குறையும், ஆவி வெளியே போகவும் வழி கிடைக்கும். இந்த ஆவி விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊறிய மண்ணைக் காலால் மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கக் குதிகாலுக்குக் கல் தட்டுப்படும், எடுத்து எறியுங்கள். இரண்டு தரம் மிதித்து, ஈரச் சாக்குப் போட்டு மூடி, ஒரு வாரம் புளிக்க விட்டால் மண் கையோடு பேசும்.

இதற்குள் பிடிமண் வந்துவிடும். ஊர்ப் பெரியவர்கள் கூடி, வெற்றிலை பாக்கு, வேட்டி, காணிக்கைப் பணத்தோடு ஒரு பிடி ஊர் மண்ணைத் தட்டில் வைத்து வேளார் கையில் கொடுப்பார்கள். அதுதான் ஆர்டர், அதுதான் ரசீது. அந்த ஒரு பிடியை மிதித்த மண்ணோடு கலந்த பிறகு அது சும்மா களிமண் இல்லை. செருப்போடு அந்தக் கொட்டகைக்குள் போகமாட்டோம். கவிச்சி கிடையாது. குதிரை கோயில் போய்ச் சேரும்வரை விரதம். நீங்கள் வேளாராக இல்லாமல் கற்றுக்கொள்ள மட்டும் ஒரு குதிரை செய்கிறீர்கள் என்றால் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் அதைக் கோயிலில் கொண்டுபோய் வைக்காதீர்கள். பிடிமண் வாங்காத குதிரை பொம்மைதான்.

முதலில் கால். ஒரு பழைய உலக்கையில் சாம்பலைத் தூவி, ஒன்றரை விரல் கனத்துக்குத் தட்டிய மண்பட்டையை அதைச் சுற்றிப் போர்த்தி, விளிம்பைச் சேர்த்துத் தட்டி, உலக்கையை உருவிவிடுங்கள். குழாய் கிடைக்கும். நாலு குழாய். அடிப்பக்கம் அகலமாக, மேலே போகப் போக ஒடுக்கமாக இருக்கட்டும். நிஜக் குதிரைக்கு அப்படியா இருக்கிறது என்று கேட்காதீர்கள். நம் குதிரை ஓடப்போவதில்லை, நிற்கப்போகிறது. நாலு குழாயையும் நிறுத்தி ஒரு நாள் நிழலில் இறுக விடுங்கள். ஒரேயடியாக மேலே ஏற்றினால் கால் பிதுங்கி உட்கார்ந்துவிடும். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். எங்கள் அப்பா, கால் இறுகாத குதிரையை நம்பி வயிறு வைக்காதே என்பார்.

வயிற்றுக்கு, நாலு காலுக்கும் நடுவில் வைக்கோலைப் பிரி பிரியாகக் கட்டி முட்டுக் கொடுங்கள். அதன் மேல் தொட்டில் மாதிரி மண்பட்டையை இட்டு, கால் வாயோடு சேருங்கள். சேர்க்கிற இடம் இரண்டையும் நகத்தால் கீறி, மண்குழம்பு தடவி, அழுத்தி, உள்ளே ஒரு கூழாங்கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே தட்டுப்பலகையால் தட்டுங்கள். கல்லும் பலகையும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். தட்டுகிற சத்தம் மாறிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் ஒரே மாதிரி ஆகிவிடும், அப்போது நிறுத்திக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரு சாண் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பாதீர்கள். இரவில் விளிம்பில் ஈரத்துணி போட்டு வையுங்கள், மறுநாள் மண் ஒட்ட வேண்டும். வயிற்றின் அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு துளை கட்டாயம் விடுங்கள். கால்குழாய் நாலும் வயிற்றுக்குள் திறந்தே இருக்க வேண்டும்.

இந்தத் துளை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா பக்கத்து ஊர்ச் சூளைக்குப் போய்விட்டார், தலை வைக்கிற வேலையை என்னிடம் விட்டார். தலையைத் தனியாகச் செய்வோம், கழுத்தில் உட்கார வைத்து ஒட்டுவோம். தலை நெளிந்துவிடக் கூடாதே என்று அதன் அடியில் ஒரு தட்டு வைத்து மூடிச் செய்திருந்தேன். அந்தத் தட்டை வெட்டி எடுக்காமலே கழுத்தில் ஒட்டிவிட்டேன். வாய் அழகாக இருக்க வேண்டும் என்று பல்லும் நாக்கும் வைத்து அதையும் அடைத்துவிட்டேன். சூளையில் தீ ஏறிய ராத்திரி, பதினொரு மணி இருக்கும், வேட்டுப் போட்ட மாதிரி ஒரு சத்தம். விடிந்து, ஆறி, சூளையைப் பிரித்தபோது உடம்பு அப்படியே நிற்கிறது, தலை இல்லை. அப்பா திட்டவில்லை. சாம்பலுக்குள்ளிருந்து மூக்குத் துண்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, "மூக்கு வச்சியே, மூச்சு விட வழி வச்சியா?" என்றார். எடுப்புக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பச்சை மண்ணில் புதுக் குதிரை செய்து காயவைக்க நேரமில்லை. இன்னொரு ஊருக்கென்று சுட்டு வைத்திருந்த குதிரை ஒன்றைச் சித்தப்பா கொடுத்து மானத்தைக் காப்பாற்றினார்.

ஆக, தலையின் அடித்தட்டை வெட்டி எடுங்கள். வாயைத் திறந்து வையுங்கள். மூக்கு ஓட்டை இரண்டையும் ஈர்க்குச்சியால் உள்ளே வரை குத்துங்கள். காதுக்குள்ளும் ஒரு குத்து. உடம்பின் எந்த மூலையில் இருக்கும் காற்றும் எப்படியாவது சுற்றி வந்து வெளியேற வேண்டும். செய்து முடித்ததும் வயிற்றுத் துளையில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள், மூக்கில் வைத்த கைக்குக் காற்று தெரிய வேண்டும். பக்கத்தில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

நகைநட்டு வைப்பது அவரவர் கை. பிடரி, நெற்றிப்பட்டை, கடிவாளம், கழுத்தில் மணிமாலை, முதுகில் சேணம். சில வேளார்கள் நெஞ்சில் யாளி முகம் வைப்பார்கள். எல்லாவற்றையும் உடம்பு பாதி ஈரமாக இருக்கும்போதே ஒட்டுங்கள். காய்ந்த உடம்பில் ஈர நகை நிற்காது, சுருங்குகிற அளவு வேறு வேறு, சூளையில் உதிரும். முழுக் குதிரையும் காய்ந்து வெந்து வரும்போது பத்தில் ஒரு பங்கு போல சுருங்கும். 4 அடி வேண்டும் என்றால் நாலரை அடி செய்யுங்கள்.

காய வைப்பதில்தான் அவசரக்காரன் தோற்பான். முதல் பத்து நாள் முழு நிழல். காதையும் வாலையும் ஈரத்துணியால் சுற்றி வையுங்கள், மெல்லியது முதலில் காய்ந்து ஒட்டில் விட்டுவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இருக்கட்டும், பச்சைக் குதிரைக்கு ஒரு பக்கம் மட்டும் காற்றடித்தால் அந்தப் பக்கம் முந்திக் காய்ந்து முதுகில் கோடு விழும். மேற்கே தென்னங்கீற்றில் தட்டி கட்டி மறையுங்கள். பத்து நாளுக்குப் பிறகு காலை வெயில், கடைசி ரெண்டு நாள் முழு வெயில். கன்னத்தைக் குதிரை வயிற்றில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் சுடக்கூடாது.

சூளைக்குப் பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். மேட்டு நிலத்தில் முழங்கால் ஆழம் குறைவாக ஒரு பள்ளம். அடியில் எருவரட்டியும் விறகும். குதிரையை நிறுத்தி, வயிற்றுக்குள்ளும் கால் நடுவிலும் வைக்கோல் திணித்து, சுற்றிலும் வரட்டி, விறகு, வைக்கோல் என்று அடுக்கி, வெளியே உடைந்த பானை ஓடுகளைச் சாத்தி, மேலே சேறு பூச வேண்டும். அடியில் நாலு பக்கமும் வாய், உச்சியில் புகை போக ஐந்தாறு ஓட்டை.

முதல் ஐந்தாறு மணி நேரம் புகையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வாயில் மட்டும் கொஞ்சமாகப் பற்ற வையுங்கள். உச்சி ஓட்டையில் வெள்ளையாக, கனமாக ஒரு புகை வரும். அதில் கையைக் காட்டினால் உள்ளங்கை நனையும். அது குதிரைக்குள் மிச்சமிருந்த தண்ணீர். கை நனைகிறவரை தீயைக் கூட்டவே கூடாது. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து "என்னப்பா, பீடி பத்த வைக்கிற மாதிரி தீ வச்சிருக்க" என்று கேலி செய்வார், காதில் வாங்காதீர்கள். கை காய்ந்து, புகை கறுத்து, நெடி மாறியதும் மற்ற வாய்களையும் கொளுத்தலாம். நடுச்சாமத்துக்கு மேல் புகை அடங்கி, ஓட்டைக்குள் பார்த்தால் குதிரையின் முதுகு தணல் மாதிரிச் செக்கச்செவேலென்று தெரியும். அந்த நிறத்தில் ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். பிறகு எல்லா வாயையும் சேறு பூசி அடைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். ஒரு முழுப் பகலும் இரவும் தொடக்கூடாது. ஆசையில் பிரித்தால் குளிர்காற்று பட்டு விரிசல் விடும்.

பிரித்ததும் விரல்முட்டியால் தட்டுங்கள். கணீர் என்றால் வேக்காடு சரி. டொப்பென்று கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. சட்டென்று கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் தெளித்தால் அந்தக் கோட்டில் ஈரம் நின்று காட்டிக்கொடுக்கும். மயிரிழை விரிசல் என்றால் பரவாயில்லை. காலில் இருந்தால் அந்தக் குதிரையை எடுப்பில் வைக்காதீர்கள். தோளில் தூக்கி ஓடுவார்கள், ஒரு குலுக்கு போதும்.

வண்ணம் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. இப்போது எல்லாரும் எனாமல் பெயின்ட் அடிக்கிறார்கள், பளபளவென்று இருக்கிறது, ரெண்டு மழைக்குப் பிறகு பாம்புச் சட்டை மாதிரி உரிகிறது. சுட்ட மண் ஈரத்தை வாங்கும், விடும். எனாமல் அதைப் பூட்டிவிடும். சுண்ணாம்பைக் குழைத்து, கொஞ்சம் வஜ்ஜிரப் பசை சேர்த்து வெள்ளை அடித்து, மேலே காவியும் நீலமும் மஞ்சளும் தொட்டால் போதும். மழையில் மெதுவாக மங்கும், அசிங்கமாக உரியாது. ஊர்க்காரர்கள் எனாமல்தான் வேண்டும் என்று நின்றால் நானும் அடித்துக் கொடுக்கிறேன். என்ன செய்வது.

கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள். கருமணி வைக்காமல் துணியால் மூடியே புரவிப் பொட்டலுக்கு, அதாவது எடுப்புக்குக் குதிரைகளை நிறுத்தி வைக்கிற திடலுக்கு, குதிரை போகும். எடுப்பன்று வேளார்தான் கண் திறக்க வேண்டும். சேவல் அறுத்து அந்த ரத்தத்தைத் தொட்டு வைக்கிற ஊர்களும் உண்டு. அய்யனார் சைவம், கருப்பருக்குத்தான் பலி. அதனால் கிடா வெட்டும்போது அய்யனாருக்கு முன்னால் திரை போடுவார்கள். 2003-இல் கோயில்களில் பலி கூடாது என்று அரசு 1950 சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தபோது நாங்கள் எலுமிச்சம்பழம் அறுத்துக் கண் திறந்தோம். 2004-இல் அந்தச் சட்டமே ரத்தானது. ஆனால் என் கைக்கு எலுமிச்சம்பழமே பழகிவிட்டது, இன்றும் அதுதான். கண் திறக்கிற நேரம் குதிரைக்கு நேர் எதிரே யாரையும் நிற்கவிடாதீர்கள். பக்கவாட்டில் நின்று மை தொட்டு வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். கொட்டு அந்த நொடியில்தான் ஏறும், சாமியாடிக்கு அருள் வரும், கூட்டம் குதிரைப் பக்கம் சாயும். தூரிகையோடு நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு தடவை என் தோள்பட்டை இறங்கியிருக்கிறது.

தூக்குவதற்கு இரண்டு சவுக்குக் கம்பை வயிற்றுக்குக் கீழே இரு பக்கமும் கொடுத்து, காலோடு வைக்கோல் பிரியால் கட்டுங்கள். நைலான் கயிறு வேண்டாம், அறுத்துவிடும். கழுத்தில் கயிறு போடவே கூடாது. முன்னால் ரெண்டு பேர், பின்னால் ரெண்டு பேர், உயரம் ஒத்தவர்களாகப் பாருங்கள். சிவகங்கைப் பக்கம் அரண்மனைப் புரவி முன்னால் போன பிறகுதான் நேர்த்திக்கடன் குதிரைகள் போகும், அந்த வரிசையை ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கோயிலில் இறக்கியதும் கம்பை உருவி, நாலு காலுக்கும் மணல் அணைத்து நேராக நிறுத்துங்கள். பக்கத்தில் பழைய குதிரைகள் உடைந்து கிடக்கும். அவற்றை எடுத்து ஒட்டவும் வேண்டாம், ஓரமாக அள்ளிப் போடவும் வேண்டாம், வீட்டுக்கு அலங்காரத்துக்கு எடுத்துப்போகவே வேண்டாம். சிலர் நல்லெண்ணத்தில் சிமென்டைக் குழைத்து வந்து வயிற்று ஓட்டையெல்லாம் அடைத்துவிட்டுப் போகிறார்கள், குதிரை பழுதாகிவிட்டது என்று நினைத்து. பார்த்தால் தடுத்துச் சொல்லுங்கள். எங்கள் கோயிலில் மூன்றாவது வரிசையில் அப்பா செய்த குதிரை ஒன்று இருக்கிறது, ஒரு காது போய்விட்டது, வெள்ளையும் போய்விட்டது. அதன் வயிற்றுத் துளையில் போன பங்குனியில் மைனா குஞ்சு பொரித்திருந்தது.